நீலகிரிச் சீனர்கள்

நீலகிரிச் சீனர்கள் என்போர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலாய் நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து கைதிகளாகச் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்டு, நீலகிரித் தோட்டங்களில் வேலை வாங்கப்பட்டவர்கள். விடுதலைக்குப் பின் அவர்களில் சிலர் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட மலைச்சரிவில் நிலம் திருத்திக் குடியேறினர். தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டுச் சொந்தத் தொழிலில் வாழ்ந்தனர்.

பின்னணி

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்கள் 1867 வரை இந்தியாவிலிருந்து ஆளப்பட்டன. இக்காலத்தில் கைதிகள் இரு திசையிலும் கப்பலேற்றப்பட்டனர். இந்தியாவில் தண்டனை பெற்றவர்கள் சிங்கப்பூரில் சாலைகளும் கட்டடங்களும் அமைத்தனர். அங்குள்ள புனித ஆண்ட்ரூ பேராலயம் இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்தது. நீரிணைப் பகுதியில் தண்டிக்கப்பட்ட சீனர்களை அடைத்துவைக்க அங்கே போதிய சிறை வசதி இல்லாததால், அவர்கள் சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டனர். அங்கிருந்து ஒரு பகுதியினர் உதகைக்குக் கொண்டுவரப்பட்டனர்.

அப்போது நீலகிரியில் ஆள்பற்றாக்குறை இருந்தது. 1860-ல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவிலிருந்து சின்கோனா கன்றுகளைக் கொண்டுவந்தார். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொய்னா இம்மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. உதகை அரசுப் பூங்காவின் கண்காணிப்பாளர் வில்லியம் மெக்கைவர் பொறுப்பில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசு சின்கோனாத் தோட்டங்கள் உருவாயின. காடு வெட்டவும் குழி தோண்டவும் கன்று நடவும் கைதிகள் பயன்படுத்தப்பட்டனர். லவ்டேலில் லாரன்ஸ் காப்பகக் கட்டடங்களை எழுப்பும் பணியிலும் கைதிகள் ஈடுபடுத்தப்பட்டனர்.

1868 தப்பியோட்டம்

1868 ஜூலையில் ஒரு புயல் இரவில் பன்னிரண்டு சீனக் கைதிகள் சிறையிலிருந்து தப்பினர். அவர்களைத் தேடி ஆயுதம் தாங்கிய போலீஸ் குழுக்கள் மலை முழுவதும் அனுப்பப்பட்டன. இரண்டு வாரங்களுக்குப் பின் கைதிகள் மலபாரில் பிடிபட்டபோது அவர்களிடம் போலீசாரின் ஆயுதங்கள் இருந்தன. தேடிச் சென்ற குழுக்களில் ஒன்று திரும்பவில்லை. செப்டம்பர் மாதம், மலபாருக்கு இறங்கும் சிஸ்பாறைக் காட்டுப்பாதையில் நான்கு போலீசாரின் உடல்கள் வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்தன. துண்டிக்கப்பட்ட தலைகள் தோள்கள்மேல் பொருத்தி வைக்கப்பட்டிருந்தன. 1908-ல் வெளிவந்த டபிள்யூ. பிரான்சிஸின் நீலகிரி கெசட்டியர் இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளது.

குடியிருப்பு

அந்தக் கொலைகள் நடந்து முப்பது ஆண்டுகள் ஆவதற்குள் அதே மலையில் சீனர்கள் அமைதியான விவசாயிகளாக அறியப்பட்டனர். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் 1890-களில் மானுடவியல் ஆய்வுக்காக நீலகிரியின் மேற்குப் பகுதிக்குச் சென்றபோது இக்குடியிருப்பைக் கண்டார். காய்கறித் தோட்டம், சிறிய அளவில் காப்பி, மாடு வளர்ப்பு ஆகிய மூன்றும் அவர்களுக்கு வருவாய் அளித்தன. அவருடைய ‘தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்’ (1909) நூலில் சீன-தமிழ்க் கலப்பு பற்றிய பகுதி உள்ளது.

தர்ஸ்டன் மனிதர்களின் தலை, மூக்கு அளவுகளை எடுத்துத் தொகுத்தவர். அளவெடுக்க உடன்படுபவர்களுக்கு இரண்டணா முதல் எட்டணா வரை கொடுப்பது அவர் வழக்கம். நடுவட்டம் சீனர்களுக்கும் பணம் தருவதாகச் சொல்லி அனுப்பினார். பணம் வேண்டாம், தங்கள் புகைப்படத்தின் பிரதிகளை நினைவாகத் தந்தால் போதும் என்று அவர்கள் பதில் அனுப்பினர். சிறையில் கைதிகளாக எண்ணப்பட்டவர்கள் இப்போது குடும்பமாகத் தங்கள் உருவத்தை வைத்துக்கொள்ள விரும்பினார்கள் என்பது இப்பதிவின் முக்கியமான செய்தி.

அவர் விவரிக்கும் குடும்பத்தில் தந்தை சீனர்; கிறித்தவத்துக்கு மாறியவர். மதம் மாறியபோது தன் நீண்ட பின்னலை வெட்ட நேர்ந்தது ஒன்றே அவருக்கிருந்த குறை. தாய் தமிழ்ப் பறையர் சமூகத்தைச் சேர்ந்தவர். பிள்ளைகளின் நிறம், கண், மூக்கு ஆகியவற்றில் தந்தையின் சாயல் மிகுந்திருந்ததை தர்ஸ்டன் விரிவாக எழுதுகிறார். தாயைப் பற்றி அவர் சொல்வது சாதியும் நிறமும் மட்டுமே. ஆனால் உறவும் ஊரும் இல்லாமல் சிறையிலிருந்து வெளிவந்த ஓர் அயலவர், நிலம் திருத்தி, மாடு வாங்கி, விளைந்ததை விற்று வாழ வேண்டுமென்றால் உள்ளூர் மொழியும் உறவும் தேவை. அவ்விரண்டையும் கொண்டுவந்தவர்கள் இப்பெண்கள். சாதி அடுக்கின் கீழ்நிலையில் இருந்த அவர்களுக்கும், தோட்டக் கூலி வேலைக்கு வெளியே சொந்தமாக ஒரு பிழைப்பை இக்குடியிருப்பு அளித்தது.

தேயிலைக் கதை

குந்தா பகுதியின் தாய்சோலைத் தோட்டம் 1859-ல் தொடங்கப்பட்டது. அபினிப் போரில் பிடிபட்ட சீனர்கள் அங்கே தேயிலை பயிரிடக் கற்றுக்கொடுத்தார்கள் என்று நீலகிரியில் பரவலாகச் சொல்லப்படுகிறது. அங்குள்ள ‘ஜெயில் தோட்டம்’ என்ற பெயர் கைதிகளின் உழைப்புக்குச் சான்று. ஆனால் கெசட்டியரும் தர்ஸ்டனும் குறிப்பிடும் சீனர்கள் போர்க்கைதிகள் அல்லர், நீரிணைப் பகுதியில் தண்டனை பெற்றவர்கள். அப்பகுதிச் சீனர்கள் பெரும்பாலும் மிளகு, காசுக்கட்டித் தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் துறைமுகங்களிலும் உழைத்தவர்கள். சீனர் என்பதாலேயே அவர்கள் தேயிலை வல்லுநர்களாக இருந்திருப்பார்கள் என்று கொள்ள முடியாது. மேலும் நீலகிரியில் தேயிலை முயற்சி அவர்களுக்கு முந்தையது. 1830-களிலேயே கேத்தி சோதனைப் பண்ணையில் தேயிலைச் செடிகள் நடப்பட்டன. 1850-களில் குன்னூரில் ஹென்றி மான் சீன விதைகளைக் கொண்டு தோட்டம் அமைத்தார்.

‘தேயிலை கற்பித்த சீனர்’ என்னும் கதை அவர்களுக்குப் பெருமை சேர்ப்பதுபோலத் தோன்றினாலும், கட்டாய உழைப்பைக் கலைத்திறனாக மாற்றிக் காட்டிவிடுகிறது. அவர்கள் விரும்பித் தேர்ந்த தொழில் விடுதலைக்குப் பின் தொடங்கிய காய்கறித் தோட்டமும் காப்பியும் மாடும்தான்.

இன்று

ஜாவா சின்கோனாவின் போட்டியால் நீலகிரிச் சின்கோனா பின்னர் நலிந்தது. அந்நிலங்களில் பெரும்பகுதி தேயிலைக்கு மாறியது. நடுவட்டத்தில் கைதிகள் அடைக்கப்பட்டிருந்த சிறைக் கட்டடம் இன்றும் உள்ளது. உதகை - கூடலூர் சாலையில் செல்லும் பயணிகள் அதைப் பார்த்துச் செல்கின்றனர்.