முல்லர் (ஜெர்மன் குடும்பப்பெயர்)

ஜெர்மனியில் வேறெந்தக் குடும்பப்பெயரையும் விட அதிகம் பேர் தாங்கும் பெயர் முல்லர். சுவிட்சர்லாந்திலும் முதலிடம் இதற்கே. தானியம் அரைக்கும் ஆலையை நடத்துபவர் என்று பொருள். ஜெர்மனியின் முன்வரிசைப் பெயர்களில் தொழிற்பெயர்களே மிகுதி: முல்லரை அடுத்துவரும் ஷ்மிட், ஷ்னைடர், ஃபிஷர், வேபர் ஆகிய நான்கும் முறையே கொல்லர், தையற்காரர், மீன்பிடிப்பவர், நெசவாளர் என்றே பொருள்படும். மூலப் பெயரின் முதல் உயிர் தமிழில் இல்லாத ஒலி. நாக்கு இகரத்துக்கும் உதடு உகரத்துக்கும் நிற்க வேண்டும். வடமொழி அறிஞர் மாக்ஸ் முல்லர் வழியாகத் தமிழில் பழகிவிட்ட வடிவமே இங்கு ஆளப்படுகிறது.

சொல்லும் வடிவங்களும்

பிற்கால இலத்தீனின் 'மோலினாரியுஸ்' என்ற சொல் பழைய உயர் ஜெர்மனில் 'முலினாரி' ஆகி, இடைக்கால ஜெர்மனில் 'முல்நேரே' என்று தேய்ந்தது. பின்னர் லகரத்தை அடுத்த னகரம் அதனோடு கலந்து மறைய, முல்லர் கிடைத்தது. பவேரியா, ஆஸ்திரியா பக்கங்களில் அந்த னகரம் போகாமல் நின்றதால் அங்கே முல்னர், மில்னர் என்ற பெயர்கள் உண்டு. தெற்கில் உதடு குவியாமல் ஒலித்தவர்கள் மில்லர் ஆனார்கள். வடக்கின் தாழ்ஜெர்மன் பேசியவர்கள் மொல்லர் ஆனார்கள். ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன், ஹாம்பர்க், மெக்லென்பர்க் பகுதிகளில் இன்றும் அது மிகுதி. எல்லை தாண்டிய டென்மார்க்கிலும் இதே பெயர் உண்டு.

கூட்டுப்பெயர்களைப் பார்த்தால் ஆலை என்பது மாவுக்கு மட்டும் இருந்ததில்லை என்று தெரியும். தோல் பதனிட மரப்பட்டை இடித்தவர் லோமுல்லர். மரம் அறுத்தவர் சேக்முல்லர். வெடிமருந்து அரைத்தவர் புல்வர்முல்லர். ஓபர்முல்லர், நீடர்முல்லர் ஆகியவை ஒரே ஓடையின் மேல் ஆலைக்காரரையும் கீழ் ஆலைக்காரரையும் பிரித்துக் காட்டப் பிறந்தவை.

ஆலையிலிருந்து பெயருக்கு

நீரால் சுழலும் ஆலைகள் ஜெர்மன் நிலத்தில் மிகப் பழையவை. 6ஆம் நூற்றாண்டில் ஃபிராங்குகள் எழுதிவைத்த சாலியச் சட்டத்திலேயே ஆலையில் தானியம் திருடுவதற்குத் தண்டம் உண்டு. 8ஆம் நூற்றாண்டின் பவேரியச் சட்டம் எப்போதும் திறந்திருக்கும் பொது இடங்கள் என்று நான்கை எண்ணுகிறது: தேவாலயம், கோமகன் மாளிகை, கொல்லன் பட்டறை, ஆலை. இன்றைய முதலிரு பெயர்களுக்கு மூலமான பட்டறையும் ஆலையும் இப்படி ஒரே வரியில் வருவதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். குடும்பப்பெயர் என்ற வழக்கமே இல்லாத காலத்துச் சட்டம் அது.

அடுத்த சில நூற்றாண்டுகளுக்குப் பெயராய்வுக்கு உதவும் சான்று மிகக் குறைவு. அன்று ஒருவருக்கு ஒரு பெயர் போதுமானதாக இருந்தது.

12ஆம் நூற்றாண்டு முதல் நிலைமை மாறுகிறது. நகரங்கள் பெருத்தன. பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர்களோ சுருங்கின. ஒரே தெருவில் பல ஹைன்ரிஷ்களும் யோகான்களும் இருந்தார்கள். வரி வாங்கவும் சொத்தை எழுதிவைக்கவும் இரண்டாம் பெயர் தேவைப்பட்டது. ரைன் கரையிலும் தென்மேற்கிலும் தொடங்கிய வழக்கம் வடக்கிலும் கிழக்கிலும் மெல்லப் பரவியது. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் பெரும்பாலான பகுதிகளில் அது வேரூன்றிவிட்டது எனலாம்.

இந்தக் காலத்து ஆவணங்கள் நிறையக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றை எழுதியவர்கள் இலத்தீன் கற்ற எழுத்தர்கள். 'மோலென்டினாரியுஸ்' என்று ஓர் ஆளுக்குப் பக்கத்தில் எழுதியிருந்தால், அவர் ஆலை நடத்தினாரா, அல்லது அது அவருடைய பெயரா என்று பிரித்தறிய வழியில்லை. ஜெர்மனில் எழுதிய ஆவணங்களிலும் 'யோகான் என்னும் முல்லர்' என்ற பாங்கு இருபொருள் தரும். ஆய்வாளர்கள் சில அடையாளங்களை வைத்து முடிவு செய்கிறார்கள்: பெயருக்கு முன்வரும் சுட்டு விழுந்துபோவது, தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பெயர் தொடர்வது, எல்லாவற்றுக்கும் மேலாக ரொட்டி சுடுபவரோ செருப்பு தைப்பவரோ முல்லர் என்று எழுதப்பட்டிருப்பது. முதல் முல்லர் யார், எந்த ஊரில் என்ற கேள்விக்கு ஒரே விடை சொல்லும் நூல்களை ஐயத்தோடு வாசிப்பது நல்லது.

ஆலைக்காரர்கள் அவ்வளவு பேரா என்ற கேள்விக்கு விடை ஏறக்குறைய நேர்மாறானது. உழவர்களே எங்கும் பெரும்பான்மை. ஆகவே 'உழவன் ஹைன்ரிஷ்' என்றால் ஊருக்குள் யாரையும் அடையாளம் காட்டாது. ஆலைக்காரரோ ஊருக்கு ஒருவர், அல்லது இரண்டு மூன்று ஊருக்கு ஒருவர். 'ஆலைக்கார ஹைன்ரிஷ்' என்றால் போதும், ஆள் தெரிந்துவிடும். ஓடை இருந்த பள்ளத்தாக்குகளில் எல்லாம் இப்படி ஒருவர் இருந்ததால், தனித்துக் காட்டப் பிறந்த பெயர் நாடு முழுவதும் சேர்ந்து பெரும்பான்மைப் பெயராகிவிட்டது. ஒவ்வொரு முல்லரின் மூதாதையும் ஆலை உரிமையாளர் என்று கொள்ள வேண்டியதில்லை. குத்தகைக்காரர், கூலியாள், ஆலையடியில் குடியிருந்தவர் ஆகியோருக்கும் பெயர் ஒட்டியிருக்கலாம் என்பது பொதுவான கருத்து.

ஆலைக்காரர் ஊரார் வாயில் அடிக்கடி அகப்பட்டவரும்கூட. பல இடங்களில் குடிமக்கள் நிலக்கிழாரின் ஆலையில்தான் அரைக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. பிரஷ்யாவில் அது 1810இல்தான் நீங்கியது. அரவைக் கூலி பணமாக அல்ல, தானியமாகவே எடுக்கப்பட்டது. பதினாறில் ஒரு பங்கு என்பது பரவலான கணக்கு. அந்தப் பங்கை அளந்து எடுப்பவர் ஆலைக்காரரே. மூட்டை கொண்டுவந்தவர் வெளியே காத்திருக்க, உள்ளே படி எவ்வளவு நிறைந்தது என்பது கல்லுக்கும் அவருக்கும்தான் தெரியும். அளவில் ஏய்ப்பவர் என்ற பழி இதனால் தொழிலோடு ஒட்டிக்கொண்டது. சில ஊர்களில் தூக்குமரத்துக்கு ஏணி கொண்டுவந்து தரும் கடமையும் ஆலைக்காரர் தலையில் இருந்தது. பல கைவினைச் சங்கங்கள் ஆலைக்காரர் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தன. அப்படி மறுக்கக் கூடாது என்று 1548இலும் 1577இலும் பேரரசின் ஒழுங்குச் சட்டங்கள் விதித்தன. ஒரே சட்டம் இருமுறை பிறந்ததிலிருந்து முதல் முறை எவ்வளவு பலித்தது என்று ஊகித்துக்கொள்ளலாம். இத்தனைக்கும் பெயரை உதறியவர்கள் பெருந்தொகையினர் என்று சொல்லச் சான்றில்லை.

ஆலையிலிருந்து மொழிக்கு வந்த இன்னொரு கொடையும் உண்டு. முதலில் வந்தவர் முதலில் அரைப்பார் என்ற ஜெர்மன் பழமொழி, 1220களிலும் 1230களிலும் ஐக்கே ஃபொன் ரெப்கோ தொகுத்த சாக்சோனியச் சட்டநூலில் ஆலை வரிசைக்கான விதியாகவே இருக்கிறது.

பெயர் போதாதபோது

15, 16ஆம் நூற்றாண்டுகளில் பட்டம் படித்த முல்லர்கள் பெயரை இலத்தீனிலோ கிரேக்கத்திலோ மாற்றிக்கொண்டார்கள். மோலிட்டர், மிலியுஸ் என்ற பெயர்கள் அப்படி வந்தவை. 1489இல் சூனியக்காரிகளைப் பற்றி நூல் எழுதிய உல்ரிஷ் மோலிட்டர் பிறப்பால் முல்லர். வானியலர் யோகானஸ் முல்லர் (1436–1476) தொழிலை விட்டு ஊரைப் பிடித்தார். பிறந்த ஊரான கோனிக்ஸ்பெர்க்கின் இலத்தீன் வடிவத்தால் ரெகியோமொன்டானுஸ் என்றே வரலாறு அவரை அறியும். அந்த ஊர் பவேரியாவில் உள்ள சிற்றூர். தத்துவஞானி கான்ட் வாழ்ந்த அதே பெயருடைய நகரம் வேறு.

17ஆம் நூற்றாண்டில் குறிப்பிடத்தக்கது ஒன்றே: 1677இல் பவேரியா அனுமதியின்றிப் பெயர் மாற்றுவதைத் தடை செய்தது.

18ஆம் நூற்றாண்டு முதல் முல்லர்கள் வேறு உத்திகளைக் கையாண்டார்கள். ஓவியரும் கவிஞருமான ஃபிரீட்ரிஷ் முல்லர் (1749–1825) 'ஓவிய முல்லர்' என்றே இலக்கிய வரலாறுகளில் இடம்பெறுகிறார். கிரேக்கவியல் அறிஞர் கார்ல் முல்லர் (1797–1840) பிற முல்லர்களோடு குழம்பாதிருக்க ஓட்ஃப்ரீட் என்ற பெயரை நடுவில் செருகிக்கொண்டார்.

தெசாவ் நகரத்து முல்லர்கள் தனிக் கவனத்துக்கு உரியவர்கள். கவிஞர் வில்ஹெல்ம் முல்லரின் (1794–1827) தகப்பனார் தையற்காரர். அதாவது பெயரில் ஆலை, கையில் ஊசி. 1816இல் பெர்லினில் ஷ்டேகமான் குடும்பத்தார் வீட்டில் கூடிய இளைஞர்கள் ஆலைக்காரர் மகளைப் பற்றி ஒரு பாட்டு நாடகம் ஆடி விளையாடினார்கள். அதில் ஆலைக்கார இளைஞன் வேடம் பெயருக்கேற்ப வில்ஹெல்முக்கு வந்தது. அந்த விளையாட்டில் முளைத்த கவிதைகளே வளர்ந்து 'அழகிய ஆலைக்காரர் மகள்' என்ற தொகுதியாயின. 1823இல் ஷூபர்ட் இசையமைத்த பின் அவை இன்றுவரை மேடையேறுகின்றன. அதே 1823இல் வில்ஹெல்முக்கு மகன் பிறந்தான். வேபரின் 'டெர் ஃப்ரைஷுட்ஸ்' என்ற இசைநாடகத்தின் நாயகன் பெயரான மாக்ஸ் என்பதும் குழந்தைக்கு இடப்பட்டது. ஃபிரீட்ரிஷ் மாக்ஸ் முல்லர் என்ற அந்த மகன் பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் வடமொழி அறிஞராகப் புகழ்பெற்றார். வெறும் முல்லர் என்பது மிகப் பொதுவான பெயர் என்று கருதி 'மாக்ஸ் முல்லர்' என்ற இரு சொல்லையும் சேர்த்தே குடும்பப்பெயராக்கிக்கொண்டார். சென்னை உட்பட இந்திய நகரங்களில் ஜெர்மன் பண்பாட்டு நிறுவனமான கதே இன்ஸ்டிடியூட் 'மாக்ஸ் முல்லர் பவன்' என்று வழங்குவது இவர் நினைவாகவே.

சுவிட்சர்லாந்தின் துர்காவ் மாநிலத்தில் பிறந்த தாவரவியலர் ஹெர்மான் முல்லர் (1850–1927) மாநிலப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். 1882 வாக்கில் கைசன்ஹைமில் அவர் உருவாக்கிய திராட்சை 'முல்லர்-துர்காவ்' என்ற பெயரில் ஜெர்மன் தோட்டங்களை நிறைத்தது. அது ரீஸ்லிங், சில்வானர் ஆகியவற்றின் கலப்பு என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. மரபணுச் சோதனை சில்வானரை விலக்கி, மாட்லென் ரொயால் என்ற இரகத்தை அந்த இடத்தில் வைத்தது. 1919இல் வெர்சாய் உடன்படிக்கையில் கையெழுத்திட்டவரும் இருமுறை ஜெர்மனியின் சான்சலராக இருந்தவருமான இன்னொரு ஹெர்மான் முல்லர், நாடாளுமன்றத்தில் மற்ற முல்லர்களிலிருந்து பிரித்தறியத் தொகுதிப் பெயரோடு முல்லர்-ஃப்ராங்கன் என்று எழுதப்பட்டார். நாஜி இரகசியக் காவல்படைத் தலைவர் ஹைன்ரிஷ் முல்லரை 'கெஸ்டாப்போ முல்லர்' என்றார்கள். 1945இல் காணாமற்போன அவரைத் தேடியவர்களுக்கு அதே பெயருடைய பலர் இருந்தது இடையூறானது.

இருபதாம், இருபத்தோராம் நூற்றாண்டுகளில் இப்பெயர் கொண்டோரில் நோபல் பெற்றவர்களே சிலர்: 1948இல் டிடிடியின் பூச்சிக்கொல்லி ஆற்றலைக் கண்டறிந்ததற்காக பவுல் முல்லர், 1987இல் இயற்பியலுக்காக அலெக்ஸ் முல்லர், 2009இல் இலக்கியத்துக்காக ருமேனியாவில் பிறந்த ஹெர்ட்டா முல்லர். கால்பந்தில் கெர்ட் முல்லர், தாமஸ் முல்லர் ஆகியோர் பெயர் போதும். சாமானியப் பெண்ணைக் குறிக்க ஜெர்மானியர் 'லீஸ்ஷன் முல்லர்' என்பார்கள்.

எண்ணிக்கையும் பரவலும்

ஜெர்மன் அரசு குடும்பப்பெயர்க் கணக்கு வெளியிடுவதில்லை. ஆகவே புழங்கும் எண்கள் எல்லாம் தொலைபேசிப் பதிவுகளிலிருந்து கணித்தவை. ஒரு வீட்டுக்கு ஓர் இணைப்பு என்று வைத்து, பெருக்கிப் பார்ப்பார்கள். முல்லர் என்ற பெயரில் இரண்டரை லட்சம் இணைப்புகள், ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் என்பது அடிக்கடி எடுத்தாளப்படும் மதிப்பீடு. மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்றுக் குறைவு. கோன்ராட் குன்ட்சேயும் டமாரிஸ் நியூப்லிங்கும் 2009 முதல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ஜெர்மன் குடும்பப்பெயர் வரைபட நூலும் 2005ஆம் ஆண்டின் தரைவழித் தொலைபேசி இணைப்புகளையே அடிப்படையாகக் கொண்டது.

இந்தப் பெயர் ஜெர்மனி முழுவதும் உண்டு. சார்லாந்து உள்ளிட்ட தென்மேற்கில் மிக அடர்த்தி. மொல்லர் மிகுந்த வட கோடியில் குறைவு. ஆஸ்திரியாவில் க்ரூபர், ஹூபர் ஆகியவை இதை முந்துகின்றன. ஜெர்மனியில் முதலிடம் பற்றி ஒரு வழக்கும் இருக்கிறது. ஷ்மிட் என்ற பெயர் நான்கைந்து எழுத்து வடிவங்களாகவும் மையர் அதைவிடப் பலவாகவும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒன்றுசேர்த்தால் முல்லர் பின்தங்கும் என்பார் உண்டு. முல்லரோடு மொல்லர், மில்லர் எல்லாவற்றையும் கூட்ட வேண்டாமா என்பது மறுதரப்பின் கேள்வி. எதை வடிவம் என்பது, எதைத் தனிப்பெயர் என்பது என்ற வரையறையைப் பொறுத்தே விடை அமையும். அமெரிக்காவுக்குக் குடியேறிய முல்லர்கள் பலர் மில்லர் ஆனார்கள்; 2010 மக்கள்தொகைக் கணக்கில் மில்லர் அங்கே ஏழாவது பெயர், பதினோரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு. அவர்களில் எத்தனை பேர் ஜெர்மன் வழி, எத்தனை பேர் ஆங்கில வழி என்று பிரித்த கணக்கு எதையும் நம்புவதற்கில்லை.

சட்டம்

1876 முதல் ஜெர்மனி முழுவதும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசுப் பதிவகங்கள் எழுதத் தொடங்கியதும் எழுத்து வடிவங்கள் உறைந்தன. மனைவியின் பெயரையும் குடும்பப்பெயராகத் தேர்ந்தெடுக்கும் உரிமை 1976இல் வந்தது. இருவரும் தத்தம் பெயரையே வைத்துக்கொள்ளும் உரிமை 1990களில் உறுதியானது. இணைப்புக்கோட்டுப் பெயரை நகைச்சுவைக் கலைஞர் லோரியோ 1978இலேயே ஒரு கேலிப்படத்தில் பிடித்துவைத்தார். ஒரே குளியல் தொட்டியில் இரண்டு கனவான்கள் உட்கார்ந்து, வாத்துப் பொம்மையைத் தண்ணீரில் விடலாமா கூடாதா என்று மிகுந்த மரியாதையோடு சண்டையிடுகிறார்கள். ஒருவர் பெயர் முல்லர்-லூடன்ஷைட்.

2025 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி கணவன், மனைவி இருவரும் இரட்டைப் பெயரைக் குடும்பப்பெயராக ஏற்கலாம். பிள்ளைகளுக்கும் அதை இடலாம். குன்ட்சே, நியூப்லிங் தொகுதிகள் 2018இலேயே நிறைவுற்றதால், இந்த மாற்றம் அவற்றில் இடம்பெறவில்லை.