மருத்துவச்சி இல்லாத வீடு

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், தாம்பரத்திற்கு வடமேற்கே உள்ள குன்றத்தூரிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஒரு தம்பதி தம் குழந்தையை வீட்டிலேயே பெற்றுக்கொண்டனர். மருத்துவர் இல்லை, செவிலியர் இல்லை, மருத்துவச்சியும் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கம் வகித்த ஒரு வாட்ஸ்அப் குழுவின் அறிவுரைகளைத் துணையாகக் கொண்டு கணவரே பிரசவம் பார்த்தார். தாயும் சேயும் நலமாகவே இருந்தனர். ஆயினும் சுகாதாரத் துறை காவல் நிலையத்தில் புகார் அளித்தது, விசாரணை நடந்தது. ஒரு வாரத்திற்குப் பத்திரிகைகளில் இரண்டு தரப்புகளே பேசின. ஒன்று, ‘இது குற்றம்’ என்றது. மற்றொன்று, ‘நம் பாட்டிமார் வீட்டில்தானே பெற்றார்கள்’ என்றது.

இந்த இரண்டு தரப்புமே ஒரு பெண்ணை மறந்துவிட்டன என்பது நம் எண்ணம். நம் பாட்டிமார் வீட்டில் பெற்றது உண்மை; ஆனால் தனியாகப் பெறவில்லை. பனிக்குடம் உடைந்ததும் அழைத்துவர ஓர் ஆளை அனுப்புவார்கள். வருகிறவளுக்கு ஒரு பெயர் இருந்தது: மருத்துவச்சி. குன்றத்தூர் வீட்டில் இல்லாமற்போனது அவள்தான். அவள் எப்படி இல்லாமற்போனாள் என்ற கதையைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று பார்ப்பது இந்தத் தருணத்தில் பயனுடையது.

*

தமிழகத்தின் பெரும்பகுதியில் பிரசவம் பார்ப்பது நாவிதர் குலப் பெண்களின் தொழிலாக இருந்தது. ஆண்கள் முடி திருத்துவதோடு புண்ணுக்கு மருந்திட்டனர். பெண்கள் பிள்ளைப்பேற்றைக் கவனித்தனர். அந்தச் சமூகத்திற்கே ‘மருத்துவர்’ என்ற பெயர் வழங்கியது. 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுப்பும் இவர்களது இந்தப் பணியைப் பதிவு செய்திருக்கிறது. இதில் பெருமைப்படுவதற்கு எவ்வளவு உண்டோ அவ்வளவு வெட்கப்படுவதற்கும் உண்டு. பிரசவ உதிரம் தீட்டு. தீட்டைத் தொடுபவள் தாழ்ந்தவள். உயிரைக் கையில் ஏந்திய பெண்ணுக்கு நெல்லும் புடவையும் கொடுத்துப் புறவாசல் வழியாக அனுப்பிய சமூகம் நம்முடையது. அவளுடைய அறிவு எழுதப்படவில்லை, சோதிக்கப்படவில்லை, திருத்தப்படவும் இல்லை. குழந்தை குறுக்கே கிடந்தாலோ, நஞ்சுக்கொடி வராமல் உதிரம் பெருகினாலோ அவளால் செய்யக்கூடியது சொற்பம். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பாடுவோர், அப்போது பேறுகாலத்தில் இறந்த பெண்களை எண்ணத் தவறியவர்கள்.

மருத்துவமனையின் கதை சென்னையில் 1844இல் தொடங்குகிறது. எழும்பூரில் அந்த ஆண்டு நிறுவப்பட்ட பிரசவ மருத்துவமனை ஆசியாவின் மிகப் பழைய பிரசவ மருத்துவமனைகளுள் ஒன்று. 1880களின் தொடக்கத்தில் இன்றைய இடத்திற்கு வந்த அதைத்தான் நாம் ‘எழும்பூர் ஆஸ்பத்திரி’ என்கிறோம். அதற்கு முன்பே, 1854இல், மருத்துவச்சிகளைப் பயிற்றுவிக்கும் பள்ளிக்குச் சென்னையில் அரசு அனுமதி வழங்கியது. அதாவது, தொடக்கத்தில் மருத்துவமனைக்கும் மருத்துவச்சிக்கும் பகை இல்லை. மருத்துவமனை மருத்துவச்சியை உருவாக்கும் இடமாகவும் இருந்தது.

மேரி ஷார்லீபின் வாழ்க்கை இதற்குச் சான்று. சென்னையில் வழக்கறிஞராக இருந்த ஒருவரின் மனைவியாக வந்த அவர், ஆண் மருத்துவரிடம் செல்ல முடியாத பெண்கள் பேறுகாலத்தில் படும் துன்பத்தைக் கேள்விப்பட்டு எழும்பூரில் மருத்துவச்சிப் பயிற்சி பெற்றார். அது போதாதென்று தோன்றவே 1875இல் வேறு மூன்று பெண்களோடு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் லண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பி, 1885இல் கோஷா பெண்களுக்கான மருத்துவமனை உருவாகக் காரணமானார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று அழைக்கப்படுவது அதுவே.

1926இல் சென்னை மாகாணம் செவிலியர் மற்றும் மருத்துவச்சிகள் சட்டத்தை இயற்றியது. ஒரு மன்றமும் பதிவேடும் வந்தன. மருத்துவச்சி என்பது பதிவு பெற்ற தொழில் என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் சட்டம் சொல்லியிருக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். நாம் கேட்பது புதுமை அல்ல.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1931இல், கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகியவை அன்று ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த ஊர்கள். அந்தத் தண்டவாளம் அவற்றை எழும்பூரோடு நேராக இணைத்தது. தென்புறநகரின் பிரசவ வரலாற்றை ஒரு வரியில் சொல்ல வேண்டுமென்றால், வீட்டுத் திண்ணையிலிருந்து எழும்பூர் நிலையம் வரை மெல்ல நகர்ந்த கதை என்று சொல்லலாம். அந்த நகர்வு ஒரே நாளில் நிகழவில்லை. நகராட்சி மருத்துவச்சிகளும், பிற்காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களின் துணைச் செவிலியர்களும் வீடுகளுக்கே சென்று பிரசவம் பார்த்த நீண்ட இடைக்காலம் ஒன்று உண்டு. தோல்பையோடு வந்த ‘நர்சம்மா’வை இன்றும் நினைவுகூரும் முதியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

*

அந்த இடைக்காலத்தைத்தான் நாம் தொலைத்தோம். 1973இல் கர்த்தார் சிங் குழு துணைச் செவிலிய மருத்துவச்சியைப் பல்நோக்குப் பணியாளராக மாற்றப் பரிந்துரைத்தது. குடும்பக் கட்டுப்பாடு, தடுப்பூசி, கணக்கெடுப்பு என்று வேலைகள் குவிந்தன. பயிற்சிக் காலமோ குறைந்தது. பெயரில் மருத்துவச்சி இருந்தாள். பிரசவம் அவள் கையைவிட்டு நழுவியது. மறுபுறம், ஊர் மருத்துவச்சிகளுக்கு 1977 முதல் முப்பது நாள் பயிற்சி அளித்து, ஒரு பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். முப்பது நாளில் கற்பிக்கக் கூடியது மிகக் குறைவு. பின்னர் அந்தத் திட்டம் பயன் தரவில்லை என்று சொல்லி அவர்களைக் கைவிட்டதும் நாமே.

இங்கிலாந்து இதே சிக்கலை வேறு விதமாகக் கையாண்டது. அங்கு 1902இல் வந்த மருத்துவச்சிகள் சட்டம், தேர்வு எழுதாத ஆனால் தொழிலில் இருந்த நன்னடத்தையுள்ள பெண்களையும் முதலில் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது, அவர்களைக் கண்காணித்தது, அந்தத் தலைமுறை ஓய்ந்தபின் பயிற்சி பெற்றவர்களே எஞ்சினர். ஒரு தொழில் அழியாமல் ஆள் மாறியது.

நம் கண்ணெதிரே இன்னும் நெருக்கமான சான்று இலங்கை. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அதன்பின் பயிற்சி பெற்ற பொதுச் சுகாதார மருத்துவச்சிகள் ஊர் ஊராக நியமிக்கப்பட்டனர். 1930களில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு இரண்டாயிரம் தாய்மார் அளவில் அங்கே இறந்துகொண்டிருந்தனர். 1950களின் நடுப்பகுதிக்குள் அது ஐந்நூறுக்கும் கீழே இறங்கியது. மலேரியா ஒழிப்பும் மருத்துவமனைகளின் பெருக்கமும் இதற்கு உதவின. ஆயினும் அந்த ஆண்டுகளில் பெருந்தொகையான பிரசவங்கள் வீட்டிலேயே, பயிற்சி பெற்ற மருத்துவச்சியின் கையில் நிகழ்ந்தன. சிக்கல் என்றால் மருத்துவமனைக்கு அனுப்பும் வழியும் இருந்தது. தாயைக் காத்ததில் சுவருக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு கைக்கும் உண்டு என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

*

தமிழகம் வேறு வழியில் சென்று வெற்றியும் கண்டது. அதை மறைப்பது நேர்மையாகாது. 1990களின் தொடக்கத்தில் இம்மாநிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைக்கு வெளியே நிகழ்ந்தன. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 99.6 விழுக்காடு மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. ஒரு லட்சம் பிறப்புக்கு 2001–03இல் 134 ஆக இருந்த தாய்மார் இறப்பு 2018–20இல் 54 ஆகக் குறைந்தது. இருபத்து நான்கு மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவு பகலாக நின்ற செவிலியர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் அதே ஆய்வு மற்றொன்றையும் சொல்கிறது. தமிழகத்தின் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவைச் சிகிச்சை. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8. நாடு முழுவதற்குமான சராசரி 21.5தான். நம் மாநிலப் பெண்களின் உடல் மட்டும் இரு மடங்கு பழுதுபட்டது என்று எவரும் வாதிட மாட்டார்கள்.

எண்களுக்குள் அடங்காத ஒன்றும் உண்டு. மானிடவியல் ஆய்வாளர் சிசிலியா வான் ஹோலன் 1990களின் நடுவில் சென்னையிலும், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கானாத்தூர் ரெட்டிக்குப்பத்திலும் ஏழைப் பெண்களிடம் பேசி, 2003இல் ஒரு நூல் வெளியிட்டார். வலியைக் கூட்டும் ஊசி வழக்கமாகப் போடப்பட்டதையும், கேளாமலே கருத்தடைச் சாதனம் பொருத்தப்படுவதைப் பற்றிய அச்சத்தையும், ஏச்சையும், ஒவ்வொரு வாசலிலும் கேட்கப்பட்ட காசையும் அப்பெண்கள் சொன்னார்கள். அவர்கள் நவீன மருத்துவத்தை வெறுத்தவர்கள் அல்லர். ஊசியை விரும்பிக் கேட்டவர்களும் அவர்களில் இருந்தனர். தங்களை மனிதராக நடத்தும் இடத்தைத்தான் அவர்கள் தேடினார்கள். 2004இல் அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் திட்டம் வந்தது. வீட்டில் கேளாமலே கிடைத்த ஒன்று, திட்டமாகத் திரும்பி வந்தது.

இந்தக் குறைகளின் மேல்தான் போலிகள் கடை விரித்தார்கள். 2018 ஜூலையில் திருப்பூரில் ஓர் இளம் தாய், காணொளிகளைப் பார்த்து வீட்டில் நடத்தப்பட்ட பிரசவத்தில் உதிரப்போக்கால் இறந்தார். அடுத்த மாதமே கோவையில் வீட்டுப் பிரசவப் பயிற்சி என்று விளம்பரம் செய்தவர் கைது செய்யப்பட்டார். நாம் வேண்டுவது அவர்களுக்கான உரிமையை அல்ல. மகப்பேற்றுக்குப் பின் உதிரம் பெருகினால் செயல்படக் கிடைக்கும் நேரம் மிகக் குறுகியது. அதை அறியாத கையில் ஒரு பெண்ணை ஒப்படைப்பது கொடுமை.

*

இனி சட்டத்தைப் பார்ப்போம். வீட்டில் குழந்தை பெறுவது குற்றம் என்று சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே வீட்டில் நிகழும் பிறப்பைக் குடும்பத் தலைவர் அறிவிக்க வேண்டும் என்று விதிக்கிறது. அப்படியொரு பிறப்பு உண்டு என்பதை அது ஏற்கிறது. ஆயினும் நடைமுறையில் வீட்டில் பெற்றவர் காவல் நிலையத்தை எண்ணி அஞ்சுகிறார். அஞ்சுகிறவர் கர்ப்பப் பரிசோதனையைத் தவிர்க்கிறார். ஆபத்து நேரத்தில் 108ஐ அழைக்கத் தயங்குகிறார். பயிற்சி பெற்ற செவிலியரோ இத்தகைய வீட்டின் படியேறத் துணிய மாட்டார். எஞ்சுவது வாட்ஸ்அப் குழு.

மத்திய அரசு 2018 டிசம்பரில் மருத்துவச்சிச் சேவைக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. செவிலியர்க்குப் பதினெட்டு மாத மேற்பயிற்சி அளித்து, மருத்துவமனைகளுக்குள் மருத்துவச்சிகள் நடத்தும் பிரிவுகளை அது முன்வைத்தது. 2023இல் தேசியச் செவிலியம் மற்றும் மருத்துவச்சியியல் ஆணையச் சட்டம் வந்தது. தொழிலின் பெயர் மீண்டும் சட்டத்தின் தலைப்பில் ஏறியிருக்கிறது. எஞ்சியிருப்பது ஒரு படி: உரிமம் பெற்ற மருத்துவச்சி, வரையறுத்த நிபந்தனைகளோடு, வீட்டிலும் பிரசவம் பார்க்கலாம் என்று தெளிவாகச் சொல்வது.

நிபந்தனைகள் எவை என்பதில் உலக அனுபவம் உதவுகிறது. 2011இல் வெளியான இங்கிலாந்தின் பெரிய ஆய்வு, சிக்கல் குறைந்த பெண்களிடையே இரண்டாவது, அதற்கு மேற்பட்ட பிரசவங்களில் வீட்டில் பெறுவது குழந்தைக்குக் கூடுதல் ஆபத்தாகவில்லை என்று கண்டது. தலைப்பிரசவத்திலோ குழந்தைக்கு நேரும் தீவிரக் கேடுகள் மருத்துவமனையில் ஆயிரத்துக்கு 5.3 ஆகவும், வீட்டில் 9.3 ஆகவும் இருந்தன. இந்த இரண்டு முடிவுகளையும் ஒருசேர ஏற்பதே அறிவுடைமை. ஆகவே தலைப்பிரசவம், இரட்டைக் குழந்தை, உயர் இரத்த அழுத்தம், கடும் இரத்தச்சோகை, முன்பு அறுவைச் சிகிச்சை ஆகியவை இருந்தால் மருத்துவமனை. மற்றவர்க்கு, முறையான பரிசோதனைகளும், உதிரப்போக்கை நிறுத்தும் மருந்தும், பெயர் குறித்த மருத்துவமனையோடு முன்னேற்பாடும் இருந்தால், வீடு ஒரு தேர்வாகலாம். அங்கும் மருத்துவச்சிகள் முழுப் பயிற்சி பெற்றவர்கள், மருத்துவமனை அமைப்போடு இணைந்தவர்கள் என்பதை மறக்கலாகாது. நம் நாட்டில் பயிற்சி, உரிமம், இணைப்பு என்ற வரிசை தலைகீழாகிவிடக் கூடாது.

தேர்வு எதற்கு, மருத்துவமனைதான் அருகிலேயே இருக்கிறதே என்று கேட்கலாம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கியபோது அந்த அருகாமை மறைந்துபோயிற்று. அந்த வெள்ளத்தில் சென்னையில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரை விமானப்படை ஹெலிகாப்டர் மொட்டைமாடியிலிருந்து தூக்கிச் சென்றது. அவர் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றார். எல்லாத் தெருவுக்கும் ஹெலிகாப்டர் வராது. தெருவுக்கொரு மருத்துவச்சி இல்லாவிட்டாலும், வட்டாரத்துக்குச் சிலர் இருந்தால் அத்தகைய இரவுகளில் அவர்களே அரசாங்கம்.

மருத்துவச்சியை நாம் முதலில் சாதியால் இழிவுபடுத்தினோம். பின்னர் அறியாமையின் பெயரால் ஒதுக்கினோம். இன்று அவள் இல்லாத வீட்டில் நின்றுகொண்டு ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொள்கிறோம். அவளை மீண்டும் அழைப்பதென்றால், இந்த முறை உரிமத்தோடும், உரிய ஊதியத்தோடும், முன்வாசல் வழியாகவும் அழைக்க வேண்டும்.