மறையூர்

மறையூர், கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலைப் பள்ளத்தாக்கில் அமைந்த சிற்றூர். மூணாறு–உடுமலைப்பேட்டைச் சாலையில், மூணாற்றிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ளது.

இயற்கை: மழைமறைவுப் பகுதி. இயற்கைச் சந்தனக் காடுகளுக்குப் பெயர்பெற்றது. இங்குள்ள பாம்பாறு கிழக்கு நோக்கிப் பாய்ந்து, காவிரியின் துணையாறான அமராவதியில் கலக்கிறது.

மக்கள்: தமிழும் மலையாளமும் வழங்குகின்றன. மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டக்குடி ஆகிய ஐந்தும் சேர்ந்தது அஞ்சுநாடு. இவ்வூர்களின் தமிழ்க்குடிகள், தம் முன்னோர் மதுரைப் பக்கமிருந்து குடியேறியதாகக் கூறுவது மரபு. முதுவர், மலைப்புலையர் ஆகிய பழங்குடியினரும் வாழ்கின்றனர்.

தொழில்: கரும்பு வேளாண்மையும் வெல்லக் காய்ச்சலும் முதன்மையானவை. கையால் உருட்டப்படும் மறையூர் வெல்லம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது.

தொன்மை: ‘முனியறை’ எனப்படும் பெருங்கற்காலக் கல்திட்டைகளும் பாறை ஓவியங்களும் பண்டைய மனித வாழ்வுக்குச் சான்றாகும்.