இருமுனை மனநோயும் அறிவாற்றலும்

மக்களைப் பற்றும் நோய்களுள் மனத்தைப் பற்றும் நோயே மிகுதியும் பழிக்கப்படுவது. காய்ச்சலுற்றவனிடம் இரக்கங்காட்டும் உலகம், மனநோயுற்றவனைப் பித்தன் என்று ஒதுக்கும். அவன் உடன்பிறந்தாரையும் ஐயக்கண் கொண்டு நோக்கும். இருமுனை மனநோய் என இன்று வழங்கும் நோயின் வரலாறு, இப்பழியில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு என்று அறிஞர் அளந்து பார்த்த வரலாறும் ஆகும்.

இந்நோயுற்றவர் சில காலம் அளவிறந்த கிளர்ச்சியுற்று, உறக்கமின்றி, ஓயாது பேசி, கைப்பொருளை வாரி இறைப்பர். பின்னர் ஆழ்ந்த சோர்வில் வீழ்வர். இடையிடையே நலமாயிருக்கும் காலமும் உண்டு. பண்டைக் கிரேக்க மருத்துவரான அரத்தேயஸ் இவ்விரு நிலைகளுக்கும் தொடர்புண்டென எழுதிவைத்தார். ஆயினும் இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பதை 1854ஆம் ஆண்டில் பாரிஸ் நகர மருத்துவர் பால்ரே, பய்யார்ஜே ஆகிய இருவரும் தனித்தனியே விளக்கினர். முதலிற் கண்டவர் யார் என்று அவர்களிடையே பூசலும் எழுந்தது.

நோய்க்கும் அறிவாற்றலுக்கும் உள்ள தொடர்பை ஆராய முற்பட்டவருள் தலையாயவர் ஜெர்மானிய அறிஞர் எமில் கிரெப்பெலின். இவர் லைப்சிக் நகரில் உளநூல் ஆய்வகம் நிறுவிய வுண்ட் என்பாரிடம் பயின்றவர். ஒற்றை இலக்கங்களை இடைவிடாது கூட்டச் செய்து, பயிற்சியால் விரைவு கூடுவதையும் களைப்பால் குறைவதையும் அளந்தார். ஆசிரியர் வகுப்பறையில் நாள்தோறும் காண்பதையே அவர் ஆய்வகத்தில் எண்ணாற் காட்டினார் எனலாம். 1899இல் வெளிவந்த தம் நூற்பதிப்பில் பெரும் மனநோய்களை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, அறிவு படிப்படியாகத் தேய்ந்து போகும் நோய். மற்றொன்று, கிளர்ச்சியும் சோர்வும் வந்து வந்து நீங்கும் நோய். பின்னதில் நோய் தணிந்தபின் அறிவு பெரும்பாலும் பழைய நிலைக்கு மீளும் என்றார். நோயாளர் குடும்பங்களுக்கு இஃது ஆறுதலாயிற்று. ஆனால் மருத்துவர் பலர் நலமுற்றவரின் அறிவாற்றலை நுணுகி ஆராயாது விடுவதற்கும் இக்கருத்தே ஏதுவாயிற்று.

அடுத்த பெருந்திருப்பத்திற்குச் சிங்கப்பூருடன் தொடர்பு உண்டு. ஆஸ்திரேலியப் படை மருத்துவர் ஜான் கேட், 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்டு, 1945 வரை சாங்கியில் இருந்தார். அங்கு மனநோயுற்ற கைதிகளைக் கவனித்த அவர், மனநோய்க்கு உடல்வழிக் காரணம் இருத்தல் வேண்டுமென எண்ணினார். நாடு திரும்பியபின் மெல்போர்ன் அருகே ஒரு மருத்துவமனையில் கினிப் பன்றிகளைக் கொண்டு ஆய்ந்து, லித்தியம் உப்பு கிளர்ச்சியைத் தணிக்கும் என 1949இல் வெளியிட்டார். அளவு மிகின் நஞ்சாகும் அம்மருந்தை டென்மார்க்கு அறிஞர் மோகன்ஸ் ஸ்கௌ 1954 முதல் முறையாக ஆராய்ந்து நிலைநாட்டினார். அவர்தம் தம்பியும் அடிக்கடி மனச்சோர்வால் வருந்தியவர். லித்தியத்தால் நலம் பெற்றவர்.

மருந்தினால் நோயாளர் நெடுங்காலம் நலமாயிருக்க இயன்றபின் பழைய வினா மீண்டும் எழுந்தது: நலமான காலத்தில் அறிவாற்றல் முழுமையாக மீள்கிறதா? இதை அறியச் சில எளிய சோதனைகள் பயன்பட்டன. பதினைந்து சொற்களைப் படித்துக்காட்டிச் சற்றுநேரங் கழித்துச் சொல்லச் செய்வது ஒன்று. 'சிவப்பு' என்னும் சொல்லைப் பச்சை மையில் எழுதி, சொல்லைப் படியாது மையின் நிறத்தை மட்டும் சொல்லச் செய்வது மற்றொன்று; இது 1935இல் ஸ்ட்ரூப் என்பார் வகுத்தது. 2000க்குப் பின் பல ஆய்வுகளை ஒருங்கு தொகுத்துப் பார்த்தபோது, நலமுற்ற காலத்திலும் நோயாளரிடம் சொல் நினைவு, கவனம், திட்டமிட்டுச் செயலாற்றும் திறன் ஆகியவை சராசரியிற் குறைந்திருத்தல் தெரிந்தது. கிரெப்பெலின் தந்த ஆறுதல் முழு உண்மையன்று.

இக்குறை மருந்தினால் வந்ததா, நோயினால் தேய்ந்ததா, பிறவியிலேயே அமைந்ததா? இதனைப் பிரித்தறியவே உடன்பிறந்தாரையும் மக்களையும் சோதித்தனர். அவர்களுள் நோயற்றவர் மருந்துண்பதில்லை. கிளர்ச்சியும் சோர்வும் கண்டதில்லை. அவர்களிடமும் சில திறன்களில், குறிப்பாகச் சொல் நினைவிலும் தன்னடக்கம் வேண்டும் சோதனைகளிலும், சிறு குறை காணப்பட்டது. எனவே குறையில் ஒரு பங்கேனும் குடும்ப வழியாக வருவதென்று கருதப்படுகிறது. நோயாளரிடம் அது பெரிதாயிருப்பதற்கு நோயும் மருந்தும் உறக்கக்கேடும் காரணமாகலாம்.

இச்செய்தியைத் தவறாகக் கொள்ளலாகாது. சராசரி என்பது கூட்டத்தைப் பற்றியது, தனியொருவரைப் பற்றியதன்று. நோயாளர் பலர் இச்சோதனைகளில் எக்குறையும் காட்டுவதில்லை. உறவினரிடம் காணும் வேறுபாடோ மிகச் சிறிது. நோயாளரின் உடன்பிறந்தார், மக்கள் ஆகியோருள் இந்நோய் காண்போர் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் என்பர். எஞ்சிய 90க்கு மேற்பட்டோர்க்கு இந்நோய் வருவதில்லை.

இன்னொரு வியப்பும் உண்டு. சுவீடனில் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பள்ளி மதிப்பெண்களை ஆராய்ந்து 2010இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பதினாறு வயதில் மிகச் சிறந்த மதிப்பெண் பெற்றவர்க்குப் பின்னாளில் இந்நோய் வரும் வாய்ப்பு, நடுத்தர மாணவரினும் ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதி; மிகத் தாழ்ந்த மதிப்பெண் பெற்றவர்க்கும் ஓரளவு மிகுதி. ஆகவே இந்நோயை மந்தபுத்தியின் விளைவென்பது பேதைமை.

வகுப்பில் முதல்வனாய் இருந்தவன் நோயுற்று மீண்டபின், பாடத்தை மறந்து திகைப்பானாயின், அதைச் சோம்பல் என்று கடிதல் முறையன்று. நினைவை ஊன்ற அவனுக்குக் காலமும் எழுத்துக் குறிப்பும் வேண்டும். அவன் தம்பி தங்கையரை அண்ணனின் நோயால் அளப்பதும் முறையன்று. அளவுகோலைக் கையிலெடுத்த அறிஞர் ஒன்றரை நூற்றாண்டாகத் தேடிக் கண்டது இதுவே: குறை உண்டு, அதற்குக் காரணமும் உண்டு, பழிக்கத்தான் காரணம் இல்லை.