அச்சமும் உடைமையும்: ‘நிதானய’ திரைப்படம் பற்றிய பார்வையாளர் கருத்துக்களை முன்வைத்துச் சில சிந்தனைகள்

1

கலைப்படைப்பு ஒன்றின் வரலாற்றை எழுத முற்படுவோர், அதனைக் கண்டோரும் கேட்டோரும் கூறிய கருத்துக்களை வரலாற்றுக்குப் புறம்பானவையாக ஒதுக்கிவிடுவது வழக்கம். ‘படம் நன்று’, ‘படம் இழுவை’, ‘பயமே வரவில்லை’ என்பன தனிமனித இரசனையின் பாற்பட்டவை என்றும், இரசனைக்கு வரலாறு இல்லை என்றும் எண்ணப்படுகின்றது. இவ்வெண்ணம் மறுபரிசீலனைக்குரியது. ஒருவருக்கு எது அச்சந் தருகின்றது என்பது அவர் எங்கு வாழ்கிறார், எதனை உடைமையாகக் கொண்டுள்ளார், எதனை இழந்துள்ளார் என்பவற்றோடு நெருங்கிய தொடர்புடையது. அச்சம் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்று எனக் கூறிய தொல்காப்பியம், அது பிறக்கும் களங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கனை வகுத்திருத்தல் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. தெய்வத்துக்கும் விலங்குக்கும் அஞ்சிய மனிதன், பொருளைக் கவர்வோனுக்கும் ஆள்வோனுக்கும் அஞ்சத் தொடங்கியமை சமூக வளர்ச்சியின் ஒரு கட்டத்தையே காட்டுகின்றது. எனவே அச்சத்துக்கும் வரலாறு உண்டு.

இந்நோக்கில், இலங்கையிலே தோன்றிய உளவியல் திகிற் படங்களுள் தலையாயதெனக் கொள்ளத்தக்க ‘நிதானய’ (1972) என்னும் சிங்களத் திரைப்படத்தைக் கொழும்புத் தமிழ்ப் பார்வையாளர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதலில், இவ்வகைப் படங்களின் பொருளாதார அடிப்படையை நோக்குதல் வேண்டும். உளவியல் திகிற் படம் பெரும்பாலும் சிறு முதலின் கலைவடிவமாகும். ஒரு வீடு, சில பாத்திரங்கள், இருள், மௌனம் என்பவற்றைக் கொண்டே அதனை ஆக்கிவிடலாம். அல்பிரட் ஹிட்ச்கொக் ‘சைக்கோ’வை (1960) எடுக்க முற்பட்டபோது பெரிய நிறுவனம் தயங்கியது. அவர் தமது தொலைக்காட்சித் தொடரிற் பணிபுரிந்த கலைஞரைக் கொண்டு, கறுப்பு வெள்ளையில், ஏறத்தாழ எட்டு இலட்சம் டொலர் செலவில் அதனை முடித்தார். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலே கைத்தொழிற் படங்களும் கல்விப் படங்களும் எடுத்துவந்த ஹேர்க் ஹார்வி, 1962இல் ‘கார்னிவல் ஒவ் சோல்ஸ்’ என்ற படத்தை ஏறத்தாழ முப்பத்து மூவாயிரம் டொலரில் உருவாக்கினார். அன்று அது கவனிப்பாரற்றுப் போயிற்று. 1989இல் மீண்டும் வெளியிடப்பட்டபோது அதே படம் முன்னோடிப் படைப்பெனப் போற்றப்பட்டது. இவ்விருபத்தேழு ஆண்டுகளிற் படம் மாறவில்லை, பார்வையாளரே மாறினர்.

தமிழ்ச் சினிமாவிலும் இதற்கு உதாரணங்கள் உள. எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) பாடலும் ஆடலும் இன்றி வெளிவந்தது. சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரம் படத்தின் தொடக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்படுகின்றது. நாயகனின் வெற்றியைக் காணப் பழக்கப்பட்டிருந்த பார்வையாளர் ஏமாற்றமடைந்தனர். படம் வர்த்தக வெற்றி பெறவில்லை. இன்று அதனைத் தமிழ்த் திரைப்படத்தின் சாதனைகளுள் ஒன்றாகக் கொள்ளாதார் இலர். அவரே தயாரித்து இயக்கிய ‘நடு இரவில்’ முடிவடைந்த பின்னரும் விநியோகத்தர் தயக்கத்தினால் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்து 1970இலேயே வெளிவந்தது. பார்வையாளர் கருத்தென நாம் கருதுவதிற் பெரும்பகுதி, பார்வையாளர் வாய் திறக்குமுன்னரே விநியோகத்தரால் தீர்மானிக்கப்பட்டு விடுகின்றது என்பதை இது காட்டும்.

3

இலங்கைக்கு இது முற்றிலும் பொருந்தும். சேர் சிற்றம்பலம் கார்டினர் 1928இல் நிறுவிய சிலோன் தியேட்டர்ஸ், கே. குணரத்தினத்தின் சினிமாஸ் லிமிட்டெட், ஜாபிர் காதரின் சிலோன் என்ரர்டெயின்மன்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களே நீண்ட காலம் இந்நாட்டின் திரைப்பட இறக்குமதியையும் விநியோகத்தையும் தம் கைகளில் வைத்திருந்தன. முதலாவது சிங்களப் பேசும் படமான ‘கடவுனு பொறொந்துவ’ (1947) தென்னிந்தியக் கலையகத்தில், எஸ். எம். நாயகம் என்ற தமிழரின் முதலீட்டில் உருவாயிற்று. தமிழ் முதலாளிகளின் மூலதனம் சிங்களப் படங்களை வளர்த்தது; அதே மூலதனம் தமிழ்ப் பார்வையாளருக்குச் சென்னைப் படங்களையே வழங்கிற்று. இலாபம் எவ்விடத்து எளிதிற் கிடைக்குமோ அவ்விடத்தே மூலதனம் செல்லும். அதற்கு மொழிப்பற்று இல்லை.

இதன் விளைவாக, ஈழத்துத் தமிழ்ப் படம் சொந்த மண்ணிலேயே விருந்தாளியாயிற்று. 1962இற் பதினாறு மில்லிமீற்றரில் எடுக்கப்பட்ட ‘சமுதாயம்’ முதற்கொண்டு, சேக்ஸ்பியரின் ஹம்லெற்றைத் தழுவிய ‘கடமையின் எல்லை’ (1966) ஊடாக, ‘குத்துவிளக்கு’ (1972), ‘பொன்மணி’ (1977) வரை அனைத்தும் சிறுமுதல் முயற்சிகளே. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தோன்றி இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது ஓரளவு வாய்ப்புப் பிறந்தது. 1977இன் பின்வந்த திறந்த பொருளாதாரமும் 1983 ஜூலை வன்செயலும் அதனைக் குலைத்தன. அவ்வன்செயலின்போது ஹெந்தளையிலிருந்த குணரத்தினத்தின் விஜயா கலையகம் எரிக்கப்பட்டது. அங்கிருந்த படச்சுருள்கள் பல அழிந்தன. எரிந்தவற்றுட் சிங்களப் படங்களும் இருந்தன என்பதை எரித்தோர் எண்ணிப் பார்த்திரார்.

4

‘நிதானய’ என்னும் சொல்லுக்குப் புதையல் என்பது பொருள். ஜீ. பீ. சேனாநாயக்கவின் சிறுகதையைத் தழுவித் திஸ்ஸ அபேசேகர திரைக்கதை எழுத, லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கினார். இசை பிரேமசிறி கேமதாச, ஒளிப்பதிவு எம். எஸ். ஆனந்தன். தயாரிப்பு சிலோன் தியேட்டர்ஸ். நிறுவனமொன்றின் முதலீட்டிலே தோன்றியதெனினும், வர்த்தகச் சூத்திரங்களைப் புறக்கணித்த வகையில் அது சுயேச்சைப் படங்களின் இனத்தையே சார்ந்தது. அவ்வாண்டே வெனிஸ் திரைப்பட விழாவிற் பாராட்டுப் பெற்றது. 1997இற் சிங்களத் திரைப்படத்தின் பொன்விழாவையொட்டிய தெரிவில், அரை நூற்றாண்டின் மிகச் சிறந்த இலங்கைப் படமென மதிப்பிடப்பட்டது. சிதைவுற்றிருந்த அதன் பிரதி புதுப்பிக்கப்பட்டு 2013இல் மீண்டும் வெனிசில் திரையிடப்பட்டது.

கதை எளிமையானது. குடியேற்றவாத ஆட்சிக்காலத்தில் வாழ்ந்த வில்லி அபேநாயக்க (காமினி பொன்சேகா) பழைய நிலப்பிரபுத்துவக் குடும்பத்தின் வாரிசு; மாளிகை உண்டு, வருவாய் இல்லை; கடன் உண்டு. கழுத்தில் நான்கு மறுக்கள் கொண்ட பெண்ணைப் பலியிட்டாற் புதையல் கிட்டும் எனும் ஏட்டுக் குறிப்பொன்று அவனிடம் உள்ளது. அத்தகைய பெண்ணான ஐரீனைக் (மாலினி பொன்சேகா) கண்டு மணம் முடிக்கிறான். அவள் அவனை நேசிக்கின்றாள். அவன் நாட்குறித்துக் காத்திருக்கின்றான். இறுதியிற் பலி நிகழ்கின்றது, புதையல் வரவில்லை. அவன் தன் குற்றத்தை எழுதிவைத்துத் தூக்கிட்டு மாள்கிறான். இக்கதையில் எப்பேயும் மனிதரைக் கொல்லவில்லை.

5

அண்மையில் இப்படத்தை இரு சிறு குழுவினருக்குக் காட்டி, அவர்தம் கருத்துக்களைக் கேட்டோம். ஒன்று வெள்ளவத்தையில் நண்பரொருவரின் தொடர்மாடி வீட்டில். மற்றையது கொட்டாஞ்சேனையில் ஒரு வாசிகசாலையில். முன்னதில் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், ஆசிரியைகள், பல்கலைக்கழக மாணவர் ஆகியோர் இருந்தனர். பின்னதிற் துறைமுகத்திலும் புறக்கோட்டைக் கடைகளிலும் தொழில் பார்ப்போரும் அவர்தம் குடும்பத்தினரும் இருந்தனர். கொட்டாஞ்சேனையில் எவருக்கும் துணைத்தலைப்புத் தேவைப்படவில்லை. சிங்களம் அவர்களுக்கு அன்றாடத் தொழிலின் மொழி. வெள்ளவத்தையில் இளைஞர் பலர் ஆங்கிலத் துணைத்தலைப்பை நம்பியிருந்தனர். ஒரே நகரில் ஓடும் இரு வாழ்க்கைகளை இவ்வொரு வேறுபாடே உணர்த்திற்று.

வெள்ளவத்தையிலே பெரும்பாலானோர் கூறியது: இது மனநோயாளி ஒருவனின் கதை; அவனுக்கு வைத்தியம் செய்திருப்பின் இக்கொலை நிகழ்ந்திராது. நடிப்பையும் ஒளிப்பதிவையும் அவர்கள் வியந்தனர். ஆனால் ‘அந்தக் காலத்து மூடநம்பிக்கை’ என்ற தொடரால் முழு விடயத்தையும் முடித்துவிட்டனர். கொட்டாஞ்சேனையில் நடுவயதுப் பெண்ணொருவர் கூறிய கருத்து வேறு: “பேய் எப்ப வரும், எப்ப வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். கடைசியிலதான் விளங்கிச்சுது, பேய் முதலிலேயே மாப்பிள்ளையா வந்திட்டுது.” அருகிலிருந்த மற்றொருவர், கொழும்பிற் சீதனம் பேசும்போது வீடு எத்தனை பேர்ச்சஸ் காணியில் உள்ளதெனக் கேட்பதற்கும் கழுத்தில் எத்தனை மறுக்கள் என எண்ணுவதற்கும் என்ன வேறுபாடு என வினவினார். மண்டபம் சிரித்தது, பின்னர் சிரிப்பு அடங்கிற்று.

இவற்றைக் கேட்டதும், மத்தியதர வர்க்கம் மனத்தைக் காண்கிறது, உழைக்கும் மக்கள் உடைமை உறவைக் காண்கின்றனர் என்ற முடிவுக்கு விரைந்து வந்துவிட நாம் விரும்பினோம். உண்மையில் அம்முடிவைக் கையிற் கொண்டே நாம் சென்றிருந்தோம். ஆயின் உண்மை நமது சூத்திரத்துக்கு அடங்கவில்லை. கொட்டாஞ்சேனை இளைஞர் சிலர் படம் ‘இழுபடுகிறது’ என்று இடையில் எழுந்து சென்றனர். அவர்களைப் பயிற்றியது சென்னைப் படம். வெள்ளவத்தையிலோ, எழுதுவினைஞராயிருந்த முதியவர் விவாதம் முழுவதும் பேசாதிருந்து இறுதியிற் கூறினார்: “எனக்கு மாப்பிள்ளையிலயும் பயமில்லை, பலியிலயும் பயமில்லை. பூட்டின வீட்டுக்குள்ள ஒருத்தி இருக்கிறா. வெளியில காலடிச் சத்தம் கேக்குது. அதுதான் பயம். எண்பத்து மூன்றில நாங்கள் அப்பிடித்தான் இருந்தனாங்கள்.” 1972இல் எடுத்த படத்தில் 1983ஐ எவரும் வைத்திருக்க முடியாது. எனினும் அவர் அதனைக் கண்டார். அது பிழையான வாசிப்பென எந்த விமரிசகரும் அவரிடம் கூறத் துணியார்.

இன்னொரு கருத்தும் உண்டு. அதை நாம் கேட்கவேயில்லை. வெள்ளவத்தை வீட்டிலே தேநீர் கொணர்ந்த மலையகப் பெண், குசினி வாசலில் நின்றபடியே படத்தின் பின்பாதியைப் பார்த்திருக்கின்றார். அனைவரும் கலைந்த பின்னர், ஐரீன் ஏன் சந்தேகப்படவில்லை, ஏன் ஓடிப்போகவில்லை என்று ஆசிரியைகள் விவாதித்ததை நினைவூட்டி, கோப்பைகளை எடுத்துக்கொண்டே அவர் சொன்னார்: “சந்தேகப்பட்டா எங்கங்க போறது?” நமது குறிப்பேட்டிற் பங்குபற்றியோர் பட்டியலில் அவர் பெயர் இருக்கவில்லை. பார்வையாளர் யார் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பில் நாமும் விநியோகத்தரைப் போலவே நடந்துகொண்டோம் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

6

இவ்விடத்து, மட்டக்களப்பிற் பிறந்து தமிழகத்தில் ஒளிபெற்ற பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’யை (1980) ஒப்புநோக்குதல் பயன்தரும். அதிலும் பெண்களைக் கொல்லும் ஒருவன் நாயகனாகின்றான். அவனது கொலைவெறிக்குக் காரணம் குழந்தைப் பருவத்திலே தந்தையால் தாய் பட்ட துன்பம் எனப்படுகின்றது. கொல்லப்படுவோர் உடலை விற்று வாழும் பெண்கள். அவர்கள் ஏன் அந்நிலைக்கு வந்தனர் எனப் படம் வினவுவதில்லை. கொல்பவனின் மனவடுவையே அது ஆழ நோக்குகின்றது. ஒளிப்பதிவின் அழகினை மறுப்பதற்கில்லை. ஆயினும் அங்கு அச்சம் தனிமனித மனத்துள் தொடங்கித் தனிமனித மனத்துள் முடிகின்றது. ‘நிதானய’விலோ மனச்சிதைவுக்கு ஒரு முகவரி உண்டு. வருவாய் இழந்த மாளிகை, அடைபடாத கடன், உழைப்பை இழிவெனக் கருதும் குலப்பெருமை ஆகியனவே அம்முகவரி. வில்லி பித்தனாகையாற் புதையலை நம்பினான் அல்லன். உழைத்து வாழும் வழியை அவனது வர்க்கம் அவனுக்குக் கற்பிக்காமையாலேயே நம்பினான். வீழும் வர்க்கமொன்று, தான் வீழ்வதன் விலையை வலுவற்றோரிடமிருந்தே அறவிட முயல்கின்றது. அவ்விலை ஒரு பெண்ணின் உயிர்.

எனினும் பார்வையாளர் கருத்துக்களிலிருந்து நாம் கற்றது இவ்விளக்கத்தையும் கடந்தது. படைப்பின் வர்க்க அடிப்படையைச் சுட்டிக்காட்டுதல் விமரிசகரின் கடமை. ஆனால் அப்படைப்பு எவர் நெஞ்சில் எந்த அச்சத்தைத் தொடும் என்பதை அவரவர் வாழ்ந்த வரலாறே தீர்மானிக்கின்றது. வரன் தேடும் தாய் சீதனத்தைக் கண்டார். அகதி முகாமில் இருந்தவர் பூட்டிய கதவைக் கண்டார். பிறர் வீட்டில் வேலை செய்பவர் போக்கிடமின்மையைக் கண்டார். மூன்றும் படத்தில் உள்ளன. மூன்றையும் ஒருசேரக் காணத்தக்க இடம் ஒன்று வாய்த்தபோதே அவை ஒரு கருத்தாக உருப்பெறுகின்றன.

அத்தகைய இடங்கள் ஒருகாலத்திற் கொழும்பில் இருந்தன. ஒரே கொட்டகையில் ஒரு வாரம் சிங்களப் படமும் மறுவாரம் தமிழ்ப் படமும் ஓடின. வரிசையில் நின்றோர் இரு மொழியிலும் படத்தைத் திட்டினர். இன்று அவரவர் வீட்டில், அவரவர் மொழியில், அவரவர் தனித் திரையில் அஞ்சுகிறோம். தனித்து அஞ்சும் மக்களை ஆள்வது எளிது. சங்கங்களும் வாசிகசாலைகளும் இத்தகைய சிறுமுதற் படங்களைச் சேர்ந்திருந்து பார்த்து விவாதிக்கும் வழக்கத்தை மீட்டெடுத்தல், கலைத்துறைக் கடமையாக மட்டுமன்றிச் சமூகக் கடமையாகவும் அமையும். அவ்வாறு அமையும் அடுத்த அமர்விலே, தேநீர் கொணர்பவருக்கும் ஓர் இருக்கை இடப்படுதல் வேண்டும்.