சங்கிலிக்குக் குறி சொல்பவர்கள்

லிடியாவின் அரசன் குரோசஸ், பாரசீகத்தின் மீது படையெடுக்கும் முன் ஒரு சோதனை வைத்தான். ஹெரோடோடஸ் சொல்லும் கதை இது. குறி சொல்லும் ஏழு தலங்களுக்குத் தூதர்கள் போனார்கள். புறப்பட்ட நாளிலிருந்து நூறாவது நாள், "எங்கள் அரசர் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார்?" என்று ஏழு பேரும் கேட்க வேண்டும். அன்றைக்கு அவன், யாரும் ஊகிக்கவே முடியாதபடி, ஆமையையும் ஆட்டுக்குட்டியையும் ஒரே வெண்கல அண்டாவில் போட்டு வேகவைத்தான். டெல்பி சரியாகச் சொன்னது. அந்த நம்பிக்கையில், போருக்குப் போகலாமா என்று டெல்பியிடமே கேட்டான். போனால் ஒரு பேரரசு அழியும் என்று பதில் வந்தது. போனான். அழிந்தது அவனுடைய பேரரசு.

டெல்பி போன்ற தலங்களுக்கு ஆங்கிலத்தில் ஆரக்கிள் என்று பெயர். பிளாக்செயின் செய்பவர்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். கதையின் இரண்டாம் பாதியையும் சேர்த்துத்தான் எடுத்தார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

பிளாக்செயினுக்கு ஏன் குறிசொல்லி வேண்டும்? கோப்பிக்கடையில் இரண்டு பேர் காற்பந்து ஆட்டத்துக்குப் பந்தயம் கட்டுகிறார்கள் என்று வையுங்கள். இருவரும் பணத்தை ஒரு ஸ்மார்ட் காண்ட்ராக்டில் பூட்டிவிடுகிறார்கள். ஜெயித்தவருக்குப் பணம் தானாகப் போய்விடும். நடுவில் யாரும் கைவைக்க முடியாது. எல்லாம் சரி, யார் ஜெயிச்சாங்கன்னு அந்தக் காண்ட்ராக்டுக்கு யார் சொல்றது? அதற்குத் தொலைக்காட்சி பார்க்கத் தெரியாது. இணையத்தில் தேடவும் முடியாது. எத்தீரியம் போன்ற சங்கிலியில் ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போட்டு ஒரே விடைக்கு வந்தாக வேண்டும். ஒவ்வொன்றும் தானே போய் ஓர் இணையத்தளத்தைக் கேட்டால், ஒன்றுக்கு ஒரு பதிலும் அரை வினாடி தள்ளிக் கேட்டதற்கு வேறு பதிலும் கிடைக்கும். கணக்கு சிதறிவிடும். அதனால் வெளியுலகச் செய்தியை யாராவது வெளியிலிருந்து கொண்டுவந்து சங்கிலிக்குள் எழுத வேண்டும். யாரையும் நம்ப வேண்டாம் என்று கட்டிய வீட்டுக்குள், நம்பித்தான் ஆக வேண்டிய ஒருவர் வாசல் வழியாகவே நுழைகிறார்.

இது கணினிக்காரர்கள் புதிதாகச் சந்தித்த சிக்கல் இல்லை. சிங்கப்பூரில் வீட்டுக்கடன் வாங்கியவர்களுக்கு சிபோர் என்ற பெயர் நினைவிருக்கும். தினமும் காலையில் சில வங்கிகள், "இன்று நாங்கள் கடன் வாங்கினால் இந்த வட்டிக்குக் கிடைக்கும்" என்று ஓர் எண்ணைக் கொடுக்கும். மேலேயும் கீழேயும் கால்வாசியை வெட்டிவிட்டு, மீதிக்குச் சராசரி எடுப்பார்கள். அதுதான் அன்றைய சிபோர். அந்த எண்ணை ஒட்டித்தான் பலருடைய மாதத் தவணை ஏறி இறங்கியது. 2013 ஜூனில் சிங்கப்பூர் நாணய ஆணையம் 20 வங்கிகளைக் கண்டித்தது. சிபோர் உட்பட இத்தகைய வட்டி, நாணய விகிதங்களைத் தங்களுக்குச் சாதகமாகத் திருப்ப 133 வர்த்தகர்கள் முயன்றதாக அது கண்டறிந்திருந்தது. விகிதங்கள் உண்மையிலேயே திரிந்தன என்ற உறுதியான முடிவுக்கு ஆணையம் வரவில்லை. ஆனால், சாட்சி சொல்கிறவருக்கே சாட்சியத்தால் லாபம் என்ற ஏற்பாட்டின் ஓட்டை ஊருக்கே தெரிந்துபோனது. 2024 இறுதியோடு சிபோர் நின்றது. அதன் இடத்துக்கு வந்த சோரா, வங்கிகளின் வாய்ச்சொல்லைக் கேட்பதில்லை. உண்மையில் நடந்த கடன்களிலிருந்தே கணக்கிடப்படுகிறது.

பிளாக்செயின்காரர்கள் வேறு வழியில் போனார்கள். பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1960இல் வெளியிட்ட நூலில் ஒரு புதிர் உண்டு. நியூயார்க்கில் ஒருவரைச் சந்திக்க வேண்டும், இடமோ நேரமோ பேசிக்கொள்ளவில்லை, எங்கே போவீர்கள்? பலரும் சொன்ன பதில் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையம், நண்பகல். பேசிக்கொள்ளாதவர்கள் கண்ணுக்கு முதலில் படுகிற விடையில் சந்தித்துக்கொள்வார்கள். எத்தீரியத்தை உருவாக்கிய விட்டாலிக் புட்டரின் 2014 மார்ச்சில் இதை எடுத்தாண்டார். ஒரு பொருளின் விலையைப் பலரும் தனித்தனியாகச் சொல்லட்டும், நடுவில் விழும் பதிலுக்கு அருகில் சொன்னவர்களுக்குப் பரிசு. மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியாத நிலையில் உண்மைதான் எல்லோரும் சந்திக்கிற ரயில் நிலையமாக இருக்கும் என்பது அவர் கணிப்பு.

அழகான யோசனைதான். ஆனால் 2019இலும் பல செயலிகள் தங்கள் விலைத்தகவலைத் தாங்களே இழுத்துவந்து போட்டுக்கொண்டிருந்தன. அந்த ஆண்டு ஜூன் 25ஆம் தேதி, சிந்தெட்டிக்ஸ் என்ற செயலிக்குத் தென்கொரிய வோனின் விலை ஆயிரம் மடங்கு அதிகமாக வந்து சேர்ந்தது. தகவல் தந்த ஒரு நிறுவனத்தின் பிழை. ஒரு வர்த்தக பாட் அதைக் கண்டுகொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஏட்டளவில் 1 பில்லியன் டாலருக்கு மேல் சம்பாதித்துவிட்டது. நல்லவேளை, அதன் உரிமையாளர் பேச்சுவார்த்தைக்கு வந்தார். வெகுமதி வாங்கிக்கொண்டு பரிவர்த்தனைகளைத் திருப்பிவிட ஒப்புக்கொண்டார். காண்ட்ராக்ட் தன் வேலையைத் துல்லியமாகச் செய்திருந்தது, அதுதான் கொடுமை.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் செயின்லிங்க் எத்தீரியத்தில் இயங்கத் தொடங்கியிருந்தது. அதன் வெள்ளையறிக்கை 2017 செப்டம்பரில் வந்தது. அதன் வழிமுறையை எளிமையாகச் சொல்லலாம். ஒருவரை ஒருவர் சாராத பல நோடுகள் தனித்தனியாக விலையைச் சேகரிக்கும். எல்லா எண்களையும் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுப்பார்கள். சராசரி எடுப்பதில்லை. ஐந்து பேரில் நான்கு பேர் 100க்குப் பக்கத்திலும் ஒருவர் மட்டும் 1,00,000 என்றும் சொன்னால் சராசரி வானத்துக்குப் போகும். நடுவெண் அசையாது. தொடக்கத்தில் ஒவ்வொரு நோடும் தன் பதிலைத் தனியாகச் சங்கிலியில் எழுதியது, செலவு எகிறியது. 2021 முதல் நோடுகள் வெளியிலேயே பேசி முடித்து, கையொப்பமிட்ட ஒரே அறிக்கையைச் சங்கிலிக்கு அனுப்புகின்றன. ஒரு சாட்சி பொய் சொல்வது, ஒரு சாட்சி தூங்கிவிடுவது இரண்டுக்கும் இது நல்ல மருந்து. சிபோரில் இல்லாத இன்னொன்றும் உண்டு. யார் எப்போது என்ன சொன்னார் என்பதைப் பிறகு எவரும் சரிபார்க்கலாம்.

சாட்சிகளைப் பெருக்கிவிட்டால் போதுமா? 2022 மே மாதம் லூனா நாணயம் சரிந்தது. மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 80 டாலராக இருந்தது, சில நாள்களில் சல்லிக் காசானது. செயின்லிங்கின் லூனா விலைத்தகவலுக்கு ஒரு கீழ்வரம்பு வைத்திருந்தார்கள், சுமார் 10 சென்ட். அதற்குக் கீழே விலை போனால் ஏதோ கோளாறு என்று நினைத்து வைத்த பாதுகாப்பு அது. விலை உண்மையாகவே கீழே போனது. தகவலோ பத்துப் பைசாவிலேயே நின்றுகொண்டது. வெளிச்சந்தையில் பல மடங்கு மலிவாக லூனாவை வாங்கி, வீனஸ் என்ற கடன் செயலியில் 10 சென்ட் மதிப்பில் அடகு வைத்து, வேறு நாணயங்களை அள்ளிப்போனார்கள். நட்டம் சுமார் 11 மில்லியன் டாலர். இங்கே பொய் சொன்ன நோடு ஒன்றும் இல்லை. இப்படியும் நடக்கும் என்று யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

விலையாவது ஓர் எண். சொற்களுக்குக் குறி கேட்கப் போனபோதுதான் சிக்கல் முற்றியது. 2025இல் பாலிமார்க்கெட் என்ற பந்தயத் தளத்தில் ஒரு கேள்வி: உக்ரைன் அதிபர் ஸெலென்ஸ்கி ஜூலைக்கு முன் கோட்டு சூட்டு அணிவாரா? ஜூன் 24ஆம் தேதி த ஹேக் நகரில் நேட்டோ மாநாட்டுக்கு அவர் கறுப்பு மேலங்கியும் அதே நிறத்தில் கால்சட்டையும் போட்டுக்கொண்டு வந்தார். சூட்டு என்றே சில ஊடகங்கள் எழுதின. டை இல்லை, வழக்கமான தையலும் இல்லை, இது சூட்டே இல்லை என்றார்கள் மற்றவர்கள். அந்தக் கேள்வியில் புரண்ட பணம் 200 மில்லியன் டாலருக்கும் மேல்.

தீர்ப்புச் சொல்ல வேண்டியது யூமா என்ற ஆரக்கிள். அதில் டோக்கன் வைத்திருப்பவர்கள் வாக்களிப்பார்கள். கூடுதல் டோக்கன் இருந்தால் கூடுதல் வாக்கு. பெரும்பான்மைக்கு மாறாக வாக்களித்தவருக்குச் சிறு அபராதம். 'இல்லை' என்று முடிவானது. வாக்குப்பெட்டிக்கு முன் உட்கார்ந்தவர் அந்தப் படத்தைப் பார்த்து, "இது சூட்டா?" என்று தன்னையே கேட்டிருக்கலாம். ஆனால் அபராதத்தைத் தவிர்க்க அவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: மத்தவங்க என்ன சொல்லுவாங்க?