பாதி இருக்கு, மாமா!

ஒட்டன்சத்திரம் தராசுகளின் ஊர். பழனி மலையின் வடக்கு அடிவாரத்தில் உள்ள அந்த ஊரின் காய்கறிச் சந்தையிலிருந்து முருங்கைக்காயும் தக்காளியும் லாரி லாரியாகக் கேரளத்துக்குப் போகின்றன. எதையும் நிறுத்துத்தான் வாங்குவார்கள்; நிறுத்துத்தான் விற்பார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில், நிறுக்க முடியாத ஒரு சரக்கை நம்பி நானும் என் தமக்கை மகனும் ஏமாந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளையாண்டானுக்குப் பாச்சலூர்ப் பக்கம் மலைச்சரிவில் கொஞ்சம் அவரைத் தோட்டம் உண்டு. காய் கொண்டுவர ஒரு பாட்டரி ஸ்கூட்டர் வைத்திருக்கிறான். பழைய பாட்டரி நைந்துபோய், அதற்கு ஒரு வாரம் முன்புதான் புதியது மாட்டியிருந்தான். ஒரு மாலை என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு மலையேறினான். வடகாடு தாண்டியபோது எனக்குச் சற்றுச் சந்தேகம் தட்டியது.

"பாட்டரியில் எவ்வளவு இருக்கிறது, மாப்பிள்ளை?"

"பாதி இருக்கு, மாமா. நேத்துக்கூடப் பாதிதான் காட்டுச்சு. புதுப் பாட்டரி, குறையவே மாட்டேங்குது!"

குறையாத செல்வம் உலகில் ஏது என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். நாலைந்து வளைவுகள் ஏறினோம். பாதி, பாதி என்று காட்டிக்கொண்டிருந்த எண் திடீரென்று பூஜ்யமாயிற்று, வண்டி நின்றது. இருட்டில், சரிவிலேயே உருட்டிக்கொண்டு கீழே வந்து சேர்ந்தோம். மேலே பறித்து வைத்திருந்த இரண்டு மூட்டை அவரைக்காய் மறுநாள் ஏலத்துக்கு வரவில்லை. அடுத்த நாள் வாடிப்போய் வந்தபோது பாதி விலைதான் கிடைத்தது. அந்தப் 'பாதி' மட்டும் பொய்யாகவில்லை!

இத்தனைக்கும் இந்தக் கணக்கு மனிதனுக்குப் புதிதல்ல. 1859-ல் பிரான்ஸ் தேசத்துப் பிளாந்தே ஈயப் பாட்டரியைக் கண்டுபிடித்தார். கார் பாட்டரியில் இருப்பது அந்த வம்சம்தான். அது மனத்தில் உள்ளதை மறைக்கத் தெரியாத பாட்டரி. மின்சாரம் செலவாகச் செலவாக அதன் அமிலம் நீர்த்துப் போகும். பட்டறைக்காரர் மிதவை போட்ட கண்ணாடிக் குழாயில் அமிலத்தை உறிஞ்சிப் பார்ப்பார். தண்ணீரைப்போல் 1.28 மடங்கு கனமாக இருந்தால் முழுசு, 1.15 என்று இறங்கிவிட்டால் ஏறக்குறையக் காலி.

இன்னொரு வழி, போனதை எண்ணுவது. எத்தனை மின்சாரம் பாய்கிறதோ, அதற்குத் தக்க அளவு உலோகம் கரைந்து படியும் என்று 1830-களில் ஃபாரடே காட்டினார். அதை வைத்து எடிசன் ஒரு வியாபாரமே நடத்தினார். 1882-ல் நியூயார்க் பெர்ல் தெருவிலிருந்து வீடுகளுக்கு மின்சாரம் கொடுத்தபோது, அவர் வைத்த மீட்டரில் முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை. ஒரு ஜாடியில் துத்தநாகத் தகடுகள், அவ்வளவுதான். மாதம் பிறந்தால் ஆள் வந்து தகட்டை எடுத்துப்போய்த் தராசில் நிறுத்துப் பில் போடுவார். ஒட்டன்சத்திரத்துக்காரர்களுக்கு இது வெகுவாகப் பிடித்திருக்கும்.

பிறகு லிதியம் வந்தது. 1980-ல் ஆக்ஸ்போர்டில் குட்இனஃப் கோபால்ட் ஆக்ஸைடை நேர்முனையாக வைத்து வழி காட்டினார். 1991-ல் ஜப்பானில் ஸோனி கம்பெனி அந்த இனப் பாட்டரியைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அமிலக் குழாய் கிடையாது. மூடி முத்திரை வைத்த பாத்திரம். ஆனாலும் அதன் வோல்ட் ஒழுங்காக இறங்கியது. நிறைந்தால் 4.2, நடுவில் 3.7 சுமார், ஒழிந்தால் 3. பாச்சலூரிலிருந்து இறங்குகிற மலைப்பாதை போல என்று வைத்துக் கொள்ளுங்கள். எவ்வளவு உயரத்தில் நிற்கிறோம் என்று தெரிந்தால் எந்த வளைவில் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம்.

கோபால்ட் விலை அதிகம். மலிவான இரும்பை வைத்துச் செய்ய முடியாதா? இந்தக் கேள்வியின் வரலாற்றில் நம்மவர் ஒருவர் வருகிறார். அமராபுரம் என்ற தென் தமிழ்நாட்டுச் சிற்றூரில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம் 1985-ல் குட்இனஃபிடம் சேர்ந்தார். இரும்போடு வெறும் ஆக்ஸிஜனுக்குப் பதிலாக ஸல்பேட் போன்ற கூட்டுகளைச் சேர்த்தால் வோல்ட் உயர்கிறது என்று இருவரும் 1980-களின் பிற்பகுதியில் காட்டினார்கள். அந்த வழியில் போய், 1997-ல் டெக்ஸாஸில் பாதி, நஞ்சுண்டசாமி என்ற இரண்டு இந்தியர்களும் குட்இனஃபும் இரும்பு பாஸ்பேட்டை வெளியிட்டார்கள். (ஆராய்ச்சியாளரின் பெயரே பாதி! என் மருமகன் காட்டிய பாதிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.) 2019-ல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 97. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் சொற்பொழிவை நிகழ்த்தியவர் நம் மந்திரம்தான்.

இரும்பு பாஸ்பேட் மலிவு, எளிதில் தீப்பிடிக்காது, வெகுநாள் உழைக்கும். ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டாது. தொண்ணூறு சதவீதம் இருந்தாலும் சரி, முப்பது இருந்தாலும் சரி, 3.3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். காரணம் இதுதான்: அதனுள்ளே லிதியம் புகுந்த பகுதியும் புகாத பகுதியும் தனித்தனியே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. செலவாகும்போது ஒன்று குறைந்து மற்றொன்று பெருகுகிறது, தன்மை மாறுவதில்லை. தண்ணீரில் பனிக்கட்டி மிதக்கிறது. கடைசித் துண்டு கரைகிற வரையில் குளிர் பூஜ்ய டிகிரிதான். எவ்வளவு கட்டி மீதி என்று தெர்மாமீட்டர் சொல்லுமா? மலைப்பாதை அல்ல இது; பழனிக்குப் போகிற சமவெளிச் சாலை. உயரத்தைப் பார்த்து ஊரைச் சொல்ல முடியாது.

எங்கள் வண்டியில் நடந்தது என்ன? புதியது இரும்பு பாஸ்பேட். அளவு காட்டும் கருவியோ பழைய இனத்துக்கு அமைத்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் பாட்டரிக் கடைப் பையன் பார்த்தவுடனே சிரித்தான்.

"பழைய பாட்டரியோட ஜாதகத்தை வெச்சுப் புதுசுக்குப் பலன் சொல்லிட்டு இருந்திருக்குங்க, ஐயா!"

புதிய பாட்டரியின் அசையாத வோல்ட், பழைய ஜாதகத்தில் 'பாதி' என்ற கட்டத்தில் போய் விழுந்திருக்கிறது.

அவன் கருவியைத் தன் கம்ப்யூட்டரில் இணைத்தான். இனத்தை மாற்றினான். மொத்தக் கொள்ளளவு, நிறைந்ததற்கு அடையாளமான 3.65 வோல்ட், இதற்குமேல் வடிக்கக் கூடாது என்ற கீழெல்லை எல்லாம் எழுதினான். பிறகு பாட்டரியை முழுக்க ஏற்றி, இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, மெதுவாகக் கடைசிவரை வடித்து, மறுபடி ஆறவிட்டான். கருவி புதிய பாட்டரியைப் படித்துக்கொள்ள வேண்டுமாம். ஒன்றரை நாள் ஆயிற்று. இனி அது வோல்ட்டை மட்டும் நம்பாது. உள்ளே வருவதையும் வெளியே போவதையும் ஓயாமல் எண்ணும்.

"ஆனா எண்ணிக்கையிலயும் பிசகு வரும்ங்க. வாரம் ஒரு தடவையாவது முழுசா ஏத்திடணும். நிறைஞ்சதும் கணக்கை நூறுன்னு திருத்திக்கும்" என்றான்.

இதைக் கேட்டதும் எனக்கு என் தாயாரின் நினைவு வந்தது. எங்கள் வீட்டு நெற்குதிர் மண்ணால் ஆனது; உள்ளே எவ்வளவு என்று வெளியே தெரியாது. ஒவ்வொரு மரக்கால் எடுக்கும்போதும் அம்மா சுவரில் ஒரு கரிக்கோடு போடுவாள். அப்படியும் மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து கையை விட்டுப் பார்ப்பாள். எலி தின்றது கோட்டில் வராது அல்லவா? எடிசனின் துத்தநாகத் தகடும் இந்தக் கரிக்கோடும் ஒரே வேலையைத்தான் செய்தன. எண்ணவும் வேண்டும், எண்ணியதைச் சரிபார்க்கவும் வேண்டும்; எந்தக் குதிரின் கணக்கு என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

சென்ற வாரம் மறுபடி மலையேறினோம்.

"எவ்வளவு இருக்கிறது, மாப்பிள்ளை?"

"அறுபத்து மூணு, மாமா. தோட்டத்துக்குப் போறப்ப முப்பதாயிடும். இறங்கறதுக்குத் தாராளம்."

தோட்டத்தில் எட்டிப் பார்த்தேன். முப்பத்தொன்று. குறைந்திருந்ததைக் கண்டு இவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்நாளில் அன்றுதான்.